பொன்னிக்கு வந்த அட்டைகள்

வண்ணத்தாளை மடிக்கும்போது நகத்தால் அழுத்தக் கூடாது. நகம் பட்ட இடம் பளபளத்துவிடும், சாயமும் வெளுத்துவிடும். ஸ்பூனின் முதுகை வைத்து ஒரே தடவை, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கனிமொழி. அவளைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் கணவர் ராபர்ட் கொடுத்த புகாரை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று புரியவில்லை என நீங்கள் எழுத்தரிடம் தணிந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நடந்தத ஒங்க கையாலயே எழுதிக் குடுங்கம்மா" என்றீர்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாமல் வீட்டிலேயே எழுதவும் அனுமதித்தீர்கள். நன்றி. எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்தான்.

என் பெயர் அமராவதி. வயது அறுபத்தொன்று. அண்ணாமலை நகரில் ஒரு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். என் கணவர் சின்னையன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. என் வீட்டுச் சுவரை ஒட்டிய வீடு சபாபதியுடையது. சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். இங்கே விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருந்தார். அவர் மனைவி பொன்னி. அவர்களுக்கு ஒரே பெண், கனிமொழி. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். சொந்தமில்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

கனிமொழி மனையியல் படித்தாள். கடைசி வருடம் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அவள் போர்வையை எடுத்துக்கொண்டாள். பொன்னி பழைய புடவைகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பாள். அந்த வீட்டில் எல்லாக் கட்டிலிலும் ஒன்று கிடக்கும். கனிமொழி அவற்றை அளந்தாள். வெளிநாட்டுப் போர்வைகளின் படங்களையும் போனில் தேடி எடுத்தாள். இரண்டையும் கலந்து, துணிக்குப் பதில் தாளில் செய்தாள். சின்னச் சின்னச் சதுரத் தாள்களை மடித்து, முக்கோணமாக்கி, பட்டையாக்கி, துண்டுக்குத் துண்டு இடைவெளி தெரியாமல் உள்ளங்கை அகல அட்டையில் ஒட்டுவாள். திறந்தால் உள்ளே எழுத இடம் இருக்கும். வீட்டில் குப்பையாகிறது என்று சபாபதி முணுமுணுப்பார். அதனால் என் மேசைக்கு வந்தாள். என்னிடம் தாள் வெட்டும் கத்தியும் இரும்பு ஸ்கேலும் இருந்தன. நான் வெட்டிக் கொடுப்பேன், அவள் மடிப்பாள். சில மாதத்தில் நானும் மடிக்கப் பழகிவிட்டேன்.

ஒவ்வொரு வகைக்கும் அவளே பெயர் வைத்தாள். நான்கு முக்கோணம் சுற்றுவது போல் இருந்தால் காற்றாடி. பட்டைகள் குறுக்கே ஏறினால் ஏணி. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என்றால் அடுப்படி.

"நடுவுல இருக்கறது நெருப்பு பெரியம்மா. சுத்தியும் வூடு" என்பாள்.

ராபர்ட்டை அவளுக்குக் கல்லூரி நாட்களிலேயே தெரியும். மேல்பட்டாம்பாக்கத்துப் பையன். கணக்குப் படித்து, கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். இரண்டாயிரத்துப் பதினெட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சபாபதி சத்தம் போடவில்லை. மறு வாரம் தாலுகா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டில் மகள் பெயரை எடுத்துவிட்டு வந்தார். பொன்னியின் போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

அப்போதுதான் கனிமொழியின் முதல் அட்டை என் முகவரிக்கு வந்தது. உள்ளே, 'பெரியம்மா, இதை அம்மாவிடம் காட்டுங்கள்' என்று எழுதியிருந்தாள். பொன்னிக்குச் சர்க்கரை வியாதி. ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. இன்னொன்றுக்கு லேசர் வைத்தும் பலனில்லை. அடுத்த வருடத்துக்குள் வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிந்தது. அது தெரிந்ததும் கனிமொழி தடித்த தாளுக்கு மாறினாள். மடிப்பை இரட்டிப்பாக்கினாள். விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பொன்னி என் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் தடவுவாள். "காத்தாடி" என்பாள். அல்லது "அடுப்படிக்கா, இது அடுப்படி." பிறகு நான் உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பேன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு வருவாள். சபாபதி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய பிறகு. சுவரைத் தடவிக்கொண்டே வந்து என் கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். சர்க்கரை போடாத டீ கொடுப்பேன். அவள் பதில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சின்னையன் போன பிறகு கனிமொழியைத் தவிர என் கதவை யாரும் தட்டியதில்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. வரிசையாக எழுதச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

நான் முதல்முதலில் மாற்றிப் படித்தது ஒரே ஒரு சொல்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஐப்பசியில் கனிமொழிக்கு மூன்றாவது மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அதை எழுதியிருந்தாள். பொன்னி அன்று, சர்க்கரை ஜாஸ்தி, தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். நான் 'காய்ச்சல்' என்று படித்தேன். பொன்னி, கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல் என்றாள். எழுதினேன். அம்மா ஏன் கலைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கனிமொழி நினைத்திருப்பாள். அடுத்த அட்டையில் அதைப் பற்றி அவளும் எழுதவில்லை. யார் மனதும் புண்படாமல் ஒரு காரியம் முடிந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் கொரோனாவில் சபாபதி போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எடுத்துப் போனார்கள். நான்கு பேர்கூட நிற்கவில்லை. கனிமொழிக்குச் சொல்லிவிடு என்று பொன்னி என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் தெளிவாகத்தான் சொன்னாள். நான் எழுதவில்லை. ஊரடங்கில் அந்தப் பெண் எப்படி வருவாள், வந்து நோய் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஊரடங்கு முடிந்த பிறகும் எழுதவில்லை. "எழுதிட்டேன். அதுக்கு மட்டும் பதில் வரல" என்று பொன்னியிடம் சொன்னேன். இடையில் வந்த அட்டைகளில் வழக்கம்போல் வீட்டுக் கதைதான் இருந்தது. அவற்றில் பாதியைப் படித்தேன்.

சபாபதியின் தம்பி சாமிக்கண்ணு கடையை எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு தடவை அரிசி பருப்பு இறக்கிவிட்டுப் போவார். மற்றபடி பொன்னிக்கு நான்தான். காலையும் சாயங்காலமும் ஊசி போட்டேன். தலை வாரிவிட்டேன். புதன்கிழமை என்பது போய் எல்லா நாளும் என் வீட்டிலேயே இருந்தாள். சபாபதி வாங்கி வைத்திருந்த பொன்னியின் போனை ரீசார்ஜ் செய்யவில்லை. எதற்கு இரண்டு, என்னுடையது போதும் என்றேன். அவள் சரி என்றாள். நான் சொன்ன எதற்கும் அவள் மறுப்புச் சொன்னதில்லை.

அந்த வருடம் மார்கழியில் ஒருநாள் கனிமொழி எனக்குப் போன் செய்தாள். மார்க்கெட்டில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"பெரியம்மா, அப்பா போயி ஏழு மாசம் ஆவுதாமே. எனக்கு யாருமே சொல்லலியே. நீங்களாச்சும் ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்ல."

"ஒங்கம்மாதான் சொல்ல வேணாம்னுட்டா" என்றேன்.

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா பக்கத்துல இருக்கா?"

பொன்னி எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாவிட்டாலும் உரிப்பதில் அவ்வளவு வேகம்.

"இல்லம்மா. அவுங்க வூட்ல இருக்கா."

"ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க பெரியம்மா. திட்டினாலும் பரவால்ல. நான் நாளைக்கே கெளம்பி வந்துடறேன். அம்மாவ இங்கயே கூட்டியாந்துடறேன். அவரும் சரின்னுட்டாரு. முன் ரூமு காலியாத்தான் இருக்குது."

"இப்ப வராத. ஒன்ன நெனச்சி நெனச்சிதான் அப்பா போனாருன்னு சொல்லிக்கினு இருக்கா. கொஞ்ச நாள் போவட்டும். நானே சொல்றேன்."

போனை வைத்தேன். பொன்னி தலையைத் தூக்கினாள்.

"யாருக்கா?"

"கேஸ்காரன். நாளைக்கித்தான் சிலிண்டர் வருமாம்."

"எங்க வூட்டுக்கும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கேஸ்காரனாவது உண்மையில் மறுநாள் வந்தான்.

இந்த இடத்தில் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பொன்னி கடலூருக்குப் போயிருந்தால் யார் நேரத்துக்கு ஊசி போட்டிருப்பார்கள்? அந்த வீடு அவளுக்குப் பழக்கமில்லை, எங்கே படி, எங்கே கதவு என்று தெரியாது. விழுந்து வைப்பாள். இங்கே சுவர் சுவராக அவளுக்குத் தெரியும். இப்படித்தான் எண்ணினேன். இந்த எண்ணத்தில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு என்னிடம் இரண்டு விதமான கடிதங்கள் இருந்தன. பொன்னி சொல்வது ஒன்று, நான் எழுதுவது ஒன்று. "வரச் சொல்லுக்கா. இனிமே யாரு கேக்கப்போறா. ஒரு தடவ அவ மொகத்தத் தடவிப் பாத்துட்டேன்னா போதும்" என்று அவள் சொல்வாள். 'மனசு ஆறட்டும், இப்போது வர வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம்' என்று நான் எழுதுவேன். எழுதி முடித்து அவள் கையில் கொடுப்பேன். உறையை அவளே தடவித் தடவி ஓரம் பார்த்து ஒட்டுவாள். அது அவளுக்குப் பிடித்த வேலை. போன் நம்பர் மாறிவிட்டது, புது நம்பரைக் கனிமொழி தரவில்லை என்று பொன்னியிடம் சொல்லியிருந்தேன்.

கனிமொழி ஒரு தடவை வந்தாள். ராபர்ட் புகாரில் எழுதியிருப்பது சரிதான். ரயில்வே கேட் வரைக்கும் வந்து, அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். நான் போய்ப் பார்த்தேன். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தாள். சர்க்கரைக்காரி ஆரஞ்சு சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டாள். அளவாகச் சாப்பிடலாம் என்றேன். "இன்னிக்கி வேணாம் கண்ணு, அவ ரொம்பக் கோவமா இருக்கா" என்றேன். பழத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். பொன்னிக்கு உரித்துக் கொடுத்தேன். இனிப்பாக இருக்கிறது என்றாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆவணியில் வந்த அட்டையைப் பொன்னி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். ஏணி. ஆனால் பட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. மடிப்புகள் தளர்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னாக்கா, மடிப்பு நெகுந்து கெடக்குது. அவ இப்பிடிச் செய்ய மாட்டாளே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தாளு மெலிசு. புதுசா எங்கியோ வாங்கியிருக்கா."

"தாளு தடிப்பாத்தான் இருக்குது."

நான் அட்டையை வாங்கித் திறந்தேன். உள்ளே எழுதியிருந்தது இது: வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, அதனால் சரியாக மடிக்க முடியவில்லை, அம்மாவிடம் மன்னிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வரியும் நான் படித்துக் காட்டாததைப் பொன்னியின் விரல் கண்டுபிடித்துவிட்டது. அடுத்த அட்டை வந்தபோது நான் அதை அவளிடம் கொடுக்கவில்லை. அதே தாளில், அதே அளவில், நானே ஒன்று செய்தேன். ஸ்பூனின் முதுகால் நன்றாகத் தேய்த்தேன். பொன்னி தடவிப் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "இப்பத்தான் பழைய மாரி இருக்குது" என்றாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கனிமொழியின் கடைசி அட்டை பொங்கலுக்குப் பிறகு வந்தது. அடுப்படி. பாதிதான் ஒட்டியிருந்தாள். மிச்சப் பட்டைகள் மடித்தபடி உறைக்குள் உதிரியாகக் கிடந்தன. எழுத்து ராபர்ட்டுடையது, அவள் சொல்லி அவர் எழுதியது. 'அம்மா, ஒரு தடவை வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ. கோபமாக இருந்தால் பேச வேண்டாம். வயிறு ரொம்ப வீங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.' இவ்வளவுதான்.

உதிரிப் பட்டைகளை வரிசைப்படி ஒட்டி அந்த அட்டையை நான் முடித்தேன். பொன்னியை உட்காரவைத்து மடியில் கொடுத்தேன். இன்னா எழுதியிருக்கா என்று கேட்டாள். வாயில் ஏதாவது வர வேண்டும். கர்ப்பமாக இருக்கிறாளாம், வயிறு பெரிதாக இருக்கிறதாம் என்றேன். வயிறு என்ற சொல்லை நான் மாற்றவில்லை.

பொன்னி அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கனிமொழி இறந்தாள். ராபர்ட் போன் செய்து, "அம்மாவக் கூட்டிக்கினு வந்துடுங்க. நாங்க வெயிட் பண்றோம்" என்றார். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம் என்று பொன்னியிடம் சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம். ராபர்ட்டின் அம்மா சவரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ வரலியாம்மா?" என்று கேட்டார். வர மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொன்னேன். அப்படியும் நான்கு மணி வரைக்கும் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ராபர்ட் வாசலைப் பார்த்தார். கனிமொழியின் விரல்களைத் தொட்டேன். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது.

கிளம்பும்போது சவரியம்மாள் ஒரு பையைக் கொடுத்தார். மிச்ச வண்ணத்தாள், கத்தரி, ஸ்பூன். "ஒங்ககூட ஒக்காந்துதான் செய்வேன்னு சொல்லும் புள்ள. நீங்களே வெச்சிக்குங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். கல்யாணம் எப்படி என்று பொன்னி கேட்டாள். நல்ல கூட்டம் என்றேன்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். அன்று வேண்டாம், பதினாறு முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் பொன்னி பிள்ளை எப்போது பிறக்கும் என்று நாள் எண்ணத் தொடங்கிவிட்டாள். அந்தத் தாள்களில்தான் அடுத்த அட்டையைச் செய்தேன். வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது என்று படித்தேன். பெயர் சுவேதா. அந்தப் பெயர் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பிறகு மாதம் ஒரு அட்டை. குப்புற விழுந்தது, பல் முளைத்தது, பால் சோற்றைத் துப்புகிறது. குழந்தைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெருவில் விசாரித்து விசாரித்து எழுதினேன். பொன்னி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிக்கச் சொல்வாள். செத்துப்போனவள் ஒருத்தி அந்த ஒன்றரை வருடமும் அந்த வீட்டில் உயிரோடு இருந்தாள். இன்னொன்றும் சேர்ந்து வளர்ந்தது. அதை யார் செய்தது என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சுவேதாவுக்கு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும் என்று பொன்னி ஆரம்பித்தாள். கண் போன பிறகு அவள் ஊசி எடுத்ததில்லை. நூல்புடவையாகத் தேடித் தேடிக் கேட்டாள். என்னுடையது நான்கு கொடுத்தேன். காலையில் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவேன். அவள் துண்டின் ஓரத்தை இடது கட்டைவிரலால் அளந்து அளந்து தைப்பாள். விரல் முழுக்கக் குத்துக் காயம். மூன்று மாதம் பிடித்தது. காற்றாடி வைத்துத் தைத்தாள். ஒரு முக்கோணம்கூட விலகவில்லை.

முடித்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். வெயில் தணியட்டும் என்றேன். பிறகு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஒரு அட்டை செய்தேன். பிறகு ஆனித் திருமஞ்சனம், ஊரே நெரிசல், பஸ்ஸில் ஏற முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் என்னை நம்பினாள் என்றே இருந்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பென்ஷன் விஷயமாக நான் கருவூலத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இரண்டு வீடும் திறந்து கிடந்தன. கேட் பக்கம் ஆட்டோ ஓட்டும் லூர்துசாமியைக் கேட்டேன். அவர்தான் சொன்னார். பொன்னி ஒரு பழைய உறையை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்து, அனுப்புநர் முகவரியைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். முதல் அட்டை வந்த உறை. அதை அவள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. லூர்துசாமி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "பேத்தியப் பாக்கப் போறேன்னு சொல்லிச்சி. சிரிச்சிக்கினே போச்சி" என்றார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது சவரியம்மாள். பொன்னி போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, "சுவேதா தூங்குதா?" என்று கேட்டிருக்கிறாள். ராபர்ட்டின் புகாரில் இந்த வரியைப் படிக்கும்போது நீங்கள் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தீர்கள்.

அவர்கள் சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. மறுநாள் அவளைக் கல்லறைக்கு அழைத்துப் போனார்கள். கல்லில் வெட்டிய பெயரை விரலால் தடவிப் பார்த்தாளாம். பொன்னிக்கு எழுத்துத் தெரியும், பார்வை இருந்தபோது நன்றாகப் படிப்பாள். தேதி வரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வருசத்துக்கு அப்பறம் எத்தினி அட்ட வந்துது" என்று கேட்டாளாம். அவர்களுக்குப் புரியவில்லை. அந்தப் போர்வை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவள் திரும்பி வரவில்லை. சவரியம்மாளோடுதான் இருக்கிறாள். முன் அறையில் என்று கேள்வி. நான் இரண்டு தடவை போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை.

கனிமொழியின் உண்மையான அட்டைகளில் ஒன்றைக்கூட நான் எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. மூன்று பிஸ்கட் டப்பாவில் தேதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். உங்கள் காவலரிடம் கொடுத்தனுப்புகிறேன். ராபர்ட் அவற்றைப் பொன்னிக்குப் படித்துக் காட்டட்டும். நெகிழ்ந்த மடிப்பு இருப்பவை மூன்றாவது டப்பாவில் இருக்கின்றன. பசை விட்டுக் கிடக்கும், பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அம்மா தன்னை வெறுக்கிறாள் என்று நம்பிக்கொண்டே கனிமொழி செத்தாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நான். மகள் வயிற்று வலியில் கிடந்த நாட்களில் பொன்னி பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள். அதைக் கொடுத்ததும் நான். நான் பேச விட்டிருந்தால் கடைசி ஆறு மாதமாவது அவர்கள் சேர்ந்து இருந்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டவளும் நான்தான். இதற்கு என்ன பிரிவோ அதைப் போடுங்கள். நான் வக்கீல் வைக்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று. பொன்னிக்கு இன்சுலின் காலையில் பதினெட்டு யூனிட், சாயங்காலம் பத்து. ஊசியை வயிற்றில் போட வேண்டும், தினமும் இடம் மாற்ற வேண்டும். சவரியம்மாளுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. அந்த வீட்டில் அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே அவள் நாற்காலி அப்படியே கிடக்கிறது. என் பேச்சை அவள் இனிக் கேட்க மாட்டாள். அதனால் நேற்று மத்தியானம் உட்கார்ந்து ஒரு அட்டை செய்து முடித்தேன். இந்தக் காகிதங்களோடு தனி உறையில் வைத்திருக்கிறேன். பெரியம்மாமேல் கோபப்படாதே அம்மா, நம்ம வீட்டுக்கே போய்விடு என்று உள்ளே எழுதியிருக்கிறேன். நீங்களே ஒருமுறை நேரில் போய் அவள் மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். கனிமொழி சொன்னால் பொன்னி கேட்பாள்.